ஒழுகாத டேங்க்

"என் வண்டியில யாரோ கை வச்சிருக்காங்க" என்றுதான் அந்த அம்மா ஆரம்பித்தார்.

ஓட்டைவாய் நிமிர்ந்து உட்கார்ந்தான். கேஸ் என்று ஒன்று படியேறி வந்து எத்தனை நாளாச்சு! ஈ ஓட்டக்கூட ஈ இல்லாத துப்பறியும் ஆபீஸ் அது.

"என்னம்மா போச்சு? பேட்டரியா, டயரா? ஸ்டீரிங்கையே கழட்டிட்டுப் போற காலம் இது."

"ஒண்ணும் போகலை தம்பி. பெட்ரோல் டேங்க் ஒழுகிட்டு இருந்தது. இப்போ ஒழுகலை."

"ஒழுகலையா?"

"ஒழுகலை. யாரோ வந்து அடைச்சுட்டுப் போயிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க."

ஓட்டைவாய் திரும்பி, ஆபீஸை நடத்தும் மேடத்தைப் பார்த்தான். திருட்டுப் போன நகையைத் தேடியிருக்கிறார்கள், கல்யாணத்துக்கு முதல் நாள் காணாமல் போன மாப்பிள்ளையைத் தேடியிருக்கிறார்கள். நல்லது பண்ணிவிட்டு ஓடிப்போனவனைப் பிடித்துக் கொடு என்று இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

"அந்த ஆள் கிடைச்சா எனக்கும் கொஞ்சம் அனுப்புங்கம்மா. என் ரூம் கூரை மூணு இடத்துல ஒழுகுது."

"ஓட்டை" என்றார் மேடம். அது கூரையைப் பற்றிய பேச்சு இல்லை. வாயை மூடு என்பதன் சுருக்கம்.

அவனுக்கு அம்மா அப்பா வைத்த பேர் வேறு. ஆனால் அவன் வாயில் எதுவுமே தங்காது என்பதால் ஊர் ஓட்டைவாய் என்றது, மேடம் அதிலும் மிச்சம் பிடித்து ஓட்டை என்றார். ரகசியம் காக்க வேண்டிய தொழிலில் அவனை எதற்கு வைத்திருக்கிறார் என்று கேட்காதவர்கள் இல்லை. மேடத்துக்குத் தெரியும். அவன் பேசினால் எதிராளியும் பேசுவான். அவன் ஏன் இப்படி வாய் ஓயாமல் பேசுகிறான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினால், காலையில் திறக்கும்வரை அவனிடம் பேச ஒரு ஜீவன் கிடையாது. அதனால் பகலிலேயே பேசித் தீர்த்துவிடுவான், பாவம்.

மேடம் நேர் எதிர். இன்சூரன்ஸ் கம்பெனியில் புலன்விசாரணை பார்த்துப் பார்த்து, மனுஷர் சொல்லும் பொய்களிலேயே காது தேய்ந்தவர். தனிக்கட்டை. வார்த்தைகளை வெளியே விடுவதென்றால் அவருக்குச் சொந்தச் சொத்தை விற்பது மாதிரி.

"டேங்க் அடைபட்டது நல்லதுதானே?" என்றார் மேடம்.

"நல்லதுதான். ஆனா அதை ஒருத்தர்தான் தொடலாம்" என்றார் அந்த அம்மா. "என் வீட்டுக்காரர்."

பிறகு கதை வந்தது. தெருவில் இவருக்கு ரொட்டியம்மா என்று பேர். புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டிலேயே ரொட்டி சுட்டு, ஒரு பழைய வேனில் கடை கடையாகப் போட்டவர்கள். வேன் அவர்கள் வாங்கும்போதே கிழடு. மூக்கு உருண்டை, முன்கண்ணாடி நடுவில் கம்பி வைத்து ரெண்டாகப் பிரிந்தது. ஒரு நாள் டேங்கின் அடி மூட்டு விட்டுப் போய்ச் சொட்டத் தொடங்கியது. வீட்டுக்காரர் அடியில் ஒரு கிண்ணத்தை வைத்தார். "வெல்டிங் வைக்க ஆள் கூட்டிட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் யாரையும் கை வைக்க விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வந்தாரா?" என்றான் ஓட்டைவாய்.

"ஆறு வருஷமாச்சு."

ஓட்டைவாய் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"தேடாத இடமில்லை" என்றார் ரொட்டியம்மா. "போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தாச்சு. அப்புறம் நான் இருக்கற இடத்துலயே இருக்கறதுதான் சரின்னு இருந்துட்டேன். வாரம் ஒரு நாள் கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி, வண்டியைத் தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பிடுவேன். முனையைத் தாண்ட மாட்டேன். அவர் வர்ற நேரம் பார்த்து வாசல்ல வண்டி இல்லைன்னா, நாங்க காலி பண்ணிட்டுப் போயிட்டோம்னு நினைச்சுக்குவார். டேங்கைத் தொடக்கூடாதுன்னு தெருவுக்கே தெரியும். எத்தனை மெக்கானிக் வந்து கேட்டான்! விரட்டி விட்டுட்டேன். இப்போ அடைச்சிருக்குன்னா அவரைத் தவிர யார் அடைப்பா?"

"வந்தவர் வீட்டுக்குள்ள ஏன் வரலை?"

"கூச்சமா இருக்கும்" என்றார் ரொட்டியம்மா. அதைச் சொல்லும்போது அவர் முகம் கல்யாணப் பெண் முகம் மாதிரி ஆனதை ஓட்டைவாய் பார்த்தான்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மகன் வெளியூரிலிருந்து வருகிறான். பழைய வண்டிகள் சேர்க்கிற பெரிய மனிதர் ஒருவருக்கு வேனைப் பேசி முடித்திருக்கிறான். அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போகிறான். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"அவர் வந்திருக்கார்னு தெரிஞ்சா நான் ஒரு அடி நகர மாட்டேன். வரலைன்னு தெரிஞ்சா மூட்டையைக் கட்டறேன். ரெண்டுல ஒண்ணு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

* * *

வேன் வாசலிலேயே நின்றது. ஓட்டைவாய் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தான்.

"மேடம், டேங்கைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருக்காங்க."

"அதைத்தான் சொல்றேன்!" என்றார் ரொட்டியம்மா. "அவசரத்துக்குச் சோப்பைத் தேய்ச்சு அடைக்கறது அவர் வழக்கம். பெட்ரோல்ல சோப்புக் கரையாதாம்."

"சோப்பு மேல என்ன?" மேடம் குனிந்து பார்த்தார்.

"துணி. துணிக்கு மேல ரெண்டு மாவைப் பிசைஞ்சு அப்புவாங்களே, இறுகிப் போற பசை, அது. கல்லு மாதிரி இருக்கு. கீழ பெட்ரோல் வடிக்கிற திருகு இருக்கு, அதோட மரையில... இது என்ன, முடியா?"

கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார் மேடம். அவன் விரல் நுனியில் ஒரு இழை. சணல். அதில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

மேடம் அதை முகர்ந்து பார்த்தார்.

"அடியில இருந்த கிண்ணம் எங்கே?"

"இதோ" என்று ரொட்டியம்மா காட்டினார். "படியில கழுவிக் கவுத்து வச்சிருந்தது. நான்தான் திரும்ப எடுத்து அடியில வச்சேன். பழக்கம்."

"கழுவியா?"

"பளபளன்னு."

"உங்க வீட்டுக்காரர் பாத்திரம் கழுவுவாரா?"

"அவரா!" ரொட்டியம்மா சிரித்தார். "குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டார். ராஜா வீட்டுக் கன்னுக்குட்டி."

சொன்ன பிறகும் அவருக்கு உறைக்கவில்லை. மேடத்துக்கு உறைத்தது. ஓட்டைவாய்க்கும் உறைத்தது, உடனே வாயைத் திறந்தான்.

"ஆறு வருஷத்துல திருந்தியிருப்பாரோ?"

மேடத்தின் செருப்பு அவன் கால்மேல் ஏறியது.

"வேற ஏதாவது மாறியிருக்கா? வீட்டுல, மாடியில?"

ரொட்டியம்மா யோசித்தார். "குழாயைத் திறந்தா ரெண்டு நாளா தண்ணியில காக்கா இறகு வருது."

மூவரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். சிமென்ட் தொட்டியின் மூடி பாதி நகர்ந்து கிடந்தது. பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு செருப்புத் தடம்.

"டேங்க் மூடியை நீங்க திறந்தீங்களா?" என்றார் மேடம்.

"டேங்க் மூடியா? ஓ, இதுவா! இது தொட்டி. எங்க வீட்டுல டேங்க்னா கீழ இருக்கறது ஒண்ணுதான்." அவர் மூடியைச் சரியாக இழுத்து வைத்தார். "நான் திறக்கலை. முழங்கால் வலி, மாடிப்பக்கம் வர்றதே இல்லை. புதன்கிழமை சாயங்காலம் அதுக்குத்தான் வைத்தியர்கிட்ட போனேன். அந்த நேரத்துலதான் அடைச்சிருக்காங்க."

கீழே இறங்கித் தெருவுக்கு வந்ததும் மேடம் கேட்டார்: "ஓட்டை, வேன் டேங்கை அடைக்க வந்தவன் மொட்டை மாடிக்கு ஏன் போனான்?"

"காத்து வாங்க?"

"சணல் சுத்தி வெள்ளைப் பெயின்ட் தடவறது யார் வழக்கம்?"

"மெக்கானிக் வாஷர் போடுவான்... அட! குழாய்க்காரன்!"

"வேலை முடிஞ்சதும் தண்ணியை விட்டுக் கழுவிட்டுப் போறது?"

"குழாய்க்காரன்! மேடம், டேங்க் ஒழுகுதுன்னு எவனோ சொல்லியிருக்கான். இவன் நேரா தண்ணித் தொட்டிக்கு ஏறியிருக்கான்!" ஓட்டைவாய் தெருவிலேயே கைகொட்டிச் சிரித்தான். "சரி, ஊர்ல ஆயிரம் பிளம்பர். எவன்னு போய்த் தேடறது?"

மேடம் ஒன்றும் சொல்லாமல் எதிர் விளக்குக் கம்பத்தைக் காட்டினார். கம்பத்தில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது: எல்லாவித பிளம்பிங் வேலைகளுக்கும் அணுகவும். கீழே நம்பர். அதற்கும் கீழே, அடுத்த தெரு, மாவு மில் பின்புறம்.

"கையில வெண்ணெயை வச்சுட்டு நெய்க்கு அலைவானேன்" என்று முணுமுணுத்தபடி ஓட்டைவாய் பின்னால் ஓடினான்.

* * *

பிளம்பர் ஒரு வாஷ்பேசினை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைக்குத் தலைவாரி விடுகிற மாதிரி அதன் ஓட்டையைச் சுரண்டிக் கொண்டிருந்தார். சொன்னதும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

"நான்தாங்க. ஏன், மறுபடி ஒழுகுதா?"

"ஒழுகலை. அதுதான் புகார்" என்றான் ஓட்டைவாய்.

"மாடி ஏறிப் பார்த்தேன். தொட்டி நல்லா சிவனேன்னு இருக்கு, ஒரு ஈரம் இல்லை. எவனோ விளையாடறான்னு இறங்கினா பெட்ரோல் நாத்தம். குனிஞ்சா வண்டி சொட்டிட்டு இருக்கு. சரி, டேங்க் ஒழுகுதுன்னாங்க, டேங்க் ஒழுகுது. தண்ணியா இருந்தா என்ன, பெட்ரோலா இருந்தா என்ன, ஒழுகறதை நிறுத்தறதுதானே நம்ம தொழில்? பையில இருந்ததை வச்சு அடைச்சேன். தீக்குச்சி ஒண்ணு விழுந்தா தெருவே போயிருக்கும்ங்க!"

"கூப்பிட்டது யார்?"

"ஃபோன்லதான் பேசினார். நம்பர் கேட்காதீங்க. ஃபோன் மறுநாளே ஒரு வீட்டுக் கக்கூஸ்ல விழுந்துடுச்சு. எடுத்து அரிசிப் பானையில போட்டு வச்சிருக்கேன்."

"அந்தப் பானையில இருந்து யாரும் சாப்பிடலையே?" என்றான் ஓட்டைவாய்.

"என்ன சொன்னார்? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க" என்றார் மேடம்.

பிளம்பர் கண்ணை மூடி நினைவுபடுத்தினார். "எங்க வீட்டு டேங்க் ஒழுகுது. புதன்கிழமை சாயங்காலம் அம்மா வைத்தியர்கிட்ட போவாங்க, அந்த நேரம் பார்த்துப் போய் அடைச்சுடுங்க. அம்மாகிட்ட சொல்லிக்க வேண்டாம், சொன்னா விட மாட்டாங்க. நான் ஊருக்கு வரும்போது உங்களை வந்து பார்க்கறேன். அவ்வளவுதாங்க."

எங்க வீட்டு டேங்க்! ஓட்டைவாய்க்கு உடம்பு சிலிர்த்தது. எங்க வீடு என்று யார் சொல்வான்? வீட்டுக்காரன் சொல்வான். டேங்க் என்று மொட்டையாகச் சொன்னால் வேன் டேங்க் என்று யாருக்கு அர்த்தம்? அந்த வீட்டு ஆளுக்கு. ஊருக்கு வரும்போது என்றால்? வரப்போகிறான் என்றுதானே! ஆறு வருஷம் கிண்ணத்தை வைத்துக் காவல் காத்த அந்த முகம் அவன் கண்முன் வந்தது. நல்ல சேதி சொல்ல அவனுக்கு வாழ்க்கையில் எத்தனை முறை வாய்த்திருக்கிறது? மேடம் பிளம்பரிடம் வேறு ஏதோ கேட்டுக் கொண்டிருந்தார். அவன் நைசாக வெளியே வந்து ஃபோனை எடுத்தான்.

"அம்மா, நான்தான்! அவரேதாம்மா! ஆள் சொல்லி விட்டு அடைச்சிருக்கார். எங்க வீட்டு டேங்க்னு சொல்லியிருக்கார். ஊருக்கு வர்றேன்னும் சொல்லியிருக்கார்!"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தான்.

"வீட்டைப் பெருக்கணும்" என்றார் ரொட்டியம்மா கடைசியில். "வச்சுடறேன் தம்பி. மாவு பிசையணும்."

திரும்பினால் மேடம் நிற்கிறார்.

"யாருக்குப் பேசின?"

சொன்னான். மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பக்கத்திலிருந்த மில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ வெளிய வந்த பிறகு பிளம்பர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ஃபோன்ல பேசினவர் அந்த அம்மான்னாரா, வெறும் அம்மான்னாரான்னு."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"அந்த அம்மான்னா யாரோ ஒரு பொம்பளை. வெறும் அம்மான்னுதான் சொல்லியிருக்கார். பிளம்பர் வீட்டு ஓனரம்மாவைச் சொல்றார்னு நினைச்சுக்கிட்டார். ஏன் ஓட்டை, எந்தப் புருஷன் பொண்டாட்டியைப் பத்தி அடுத்தவன்கிட்ட அம்மா வைத்தியர்கிட்ட போவாங்கன்னு சொல்லுவான்?"

ஓட்டைவாய் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான்.

"எங்க வீடுன்னு சொல்லலாம். டேங்க்னு மொட்டையா சொல்லலாம். ஊருக்கு வர்றேன்னும் சொல்லலாம். அம்மான்னும் சொல்லணும். யாரு?"

"மகன்" என்றான் ஓட்டைவாய். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

* * *

சாயங்காலம் தெருமுனையில் மகனை நிறுத்தினார்கள். கையில் ஒரு காலிப் பெட்டி, அம்மாவின் துணிமணிக்காக. நாற்பதுக்குள் இருக்கும், ஆனால் நடை அறுபது.

"டேங்கை அடைக்கச் சொன்னது நீங்கதானே?" என்றார் மேடம்.

அவன் மறுக்கவில்லை. யார், எவர் என்றுகூடக் கேட்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தான்.

"அடைச்சா நின்னுடும்னு நினைச்சேன்."

"எது?"

"அம்மா காத்துட்டு இருக்கறது." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சொட்டு விழுந்துட்டே இருக்கற வரைக்கும் அவங்க அந்தக் கிண்ணத்தை விட்டு வர மாட்டாங்க. ஒழுகறது நின்னா கொஞ்சம் கொஞ்சமா மனசு ஆறிடும்னு..."

"உல்டாவா ஆயிடுச்சு" என்றான் ஓட்டைவாய். "அப்பாதான் வந்து அடைச்சார்னு நினைக்கறாங்க. அதை நான் வேற ஊதிப் பெருசாக்கிட்டேன்."

மகன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் மேடத்துக்கு மிச்சமும் தெரிந்துவிட்டது.

"அப்பா எங்க இருக்கார்னு உங்களுக்குத் தெரியும்" என்றார்.

"போன மாசம்தான் தெரிஞ்சது. என் கூட்டாளி ஒருத்தன் பார்த்துட்டுச் சொன்னான். போனேன். வேற ஊரு, வேற வீடு, வேற ஆளுங்க. நல்லாத்தான் இருக்கார். என்னைப் பார்த்ததும் அழலை, ஒண்ணுமில்லை. அம்மா இன்னும் டேங்கை யாரையும் தொட விடலைன்னு சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார். அந்த டேங்கை இன்னுமா அடைக்கலை, யாரையாவது வச்சு அடைச்சுடுடா, நான் வரப் போறதில்லைன்னார்." அவன் பெட்டியின் கைப்பிடியைத் திருகினான். "இதை அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? ஃபோனை எடுப்பேன், வாய் வராது. கடைசியில பிளம்பருக்குத்தான் ஃபோன் போட்டேன்."

ஆக, அந்த அடைப்பு அந்த மனுஷன் சொல்லித்தான் விழுந்திருக்கிறது. ரொட்டியம்மா சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை. வருகிறேன் என்பதற்கு அடையாளமாக அவர் எடுத்துக்கொண்டது, வரமாட்டேன் என்பதற்கு அடையாளம்.

"நீங்க எதையும் சொல்லிடாதீங்க" என்று மகன் கையெடுத்துக் கும்பிட்டான். "ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். பேரப்பிள்ளைங்க நடுவுல மெதுவா சொல்லிக்கறேன்."

"எங்ககிட்ட கேட்டது யார் அடைச்சாங்கன்னு மட்டும்தான்" என்றார் மேடம். "அதுக்குப் பதில் சொல்லுவோம்." பிறகு ஓட்டைவாயைப் பார்த்தார். "உன்னால முடியுமா?"

"முயற்சி பண்றேன் மேடம்."

* * *

வாசலுக்கு வரும்போதே ரொட்டி வாசனை வந்தது.

வாசல் கழுவி விட்டிருந்தது. வேனைக்கூடத் துடைத்திருந்தார். பெட்டியில் போயிருக்க வேண்டிய நல்ல புடவை உடம்பில் இருந்தது. ரொட்டியம்மா மகனைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், ஓட்டைவாயைப் பார்த்தார். அப்புறம் அவர்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"அவர் எங்கே?"

"அம்மா" என்றான் மகன். "டேங்கை அடைக்கச் சொன்னது நான்தாம்மா."

"நீயா?"

"பிளம்பரை விட்டு அடைச்சேன். வண்டி வாங்கறவர் ஒழுகாத டேங்கா வேணும்னார்."

ரொட்டியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பொய் சொல்லும்போது சின்ன வயசுல இருந்தே உனக்கு ஒரு கண்ணு சிமிட்டும்." மேடத்திடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

"உங்க மகன்தான் அடைக்கச் சொன்னார். அது நிச்சயம்" என்றார் மேடம். அதற்கு மேல் அவர் வாயில் என்ன போட்டு நெம்பினாலும் வராது.

ரொட்டியம்மா ஓட்டைவாயிடம் வந்தார். கையில் மாவு காய்ந்திருந்தது.

"தம்பி, உன் வாயில எதுவும் நிக்காதுன்னு காலையிலேயே பார்த்துட்டேன். நீதானே வர்றார்னு சொன்ன? நீ சொல்லு. அவர் வருவாரா?"

ஓட்டைவாய் வாயைத் திறந்தான்.

எத்தனை வீட்டு ரகசியம் அந்த வாயிலிருந்து கொட்டியிருக்கிறது! இப்போது திறந்த வாயில் காற்றுகூட வரவில்லை. பொய் சொல்லலாம் என்று பார்த்தான், வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பார்த்தான், அதுவும் வரவில்லை. ஒரு ஜோக்காவது வராதா என்று தவித்தான். வாயை மூடினான். மறுபடி திறந்தான். கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

ரொட்டியம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் வாயே அடைச்சுப் போச்சா" என்றார் மெல்ல.

அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படியில் உட்கார்ந்தார். மகனைப் பார்க்காமலே கேட்டார்.

"உயிரோட இருக்காரா?"

"ம்."

"அடைச்சுடச் சொன்னது அவரா?"

மகன் விசும்பினான்.

"ஆறு வருஷம்! வாசல்ல நாய் மாதிரி காத்துக் கிடந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க எரிஞ்சு விழுந்தாங்க, பைத்தியம்னாங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாயில்லை, பிளம்பருக்குச் சொல்லி விட மட்டும் வாய் இருக்கு!" ரொட்டியம்மா அழுதார். சத்தமாக, தெருவே எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்தபோது தட்டிவிட்டார். ரெண்டாவது முறை பிடித்தபோது தட்டிவிடவில்லை.

அழுது முடித்து எழுந்தார். குனிந்து வேனுக்கு அடியிலிருந்த கிண்ணத்தை எடுத்தார். உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. அதைக் கொண்டுபோய் வாசல் குப்பைத் தொட்டியில் போட்டார். உள்ளே போனவர் சுடச்சுட ரொட்டியும் வேன் சாவியுமாக வந்தார்.

"ஏறுங்க. உங்களை இறக்கி விடறேன்."

"அம்மா, வண்டியை நாளைக்கு அந்த ஆள்..." என்று ஆரம்பித்தான் மகன்.

"வண்டியில நானே வர்றேன்டா உன் ஊருக்கு. வாங்கறவன் வேற வண்டி பார்த்துக்கட்டும். டேங்க்தான் நல்லாயிருக்கே."

மேடம் முன்னால் ஏறினார். ஓட்டைவாயும் மகனும் ரொட்டித் தட்டு அடுக்கும் இடத்தில் ஒண்டிக்கொண்டார்கள். ரொட்டியம்மா ரொட்டியைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். இன்னொருவருக்காகச் சுட்ட ரொட்டி, அதுவும் எவ்வளவு நன்றாக இருந்தது! இருமி இருமி வேன் கிளம்பியது.

தெருமுனை வந்தது. ரொட்டியம்மாவின் கால் பழக்கத்தில் பிரேக்கை அமுக்கியது. வேன் நின்றது. திரும்பினால் வாசல், நேரே போனால் பெரிய ரோடு. ரொட்டியம்மா பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு, கியரைப் போட்டு நேரே விட்டார்.

வெகுதூரம் ஒருவரும் பேசவில்லை. எஞ்சின் மட்டும் கரகரத்தது. மகன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். ஓட்டைவாய்க்கு அன்றைக்கு ராத்திரி தன் ரூம் கதவைச் சாத்துவது நினைவுக்கு வந்தது. ரொட்டியம்மா அந்த வீட்டில் எத்தனை ராத்திரி அப்படிக் கதவைச் சாத்தியிருப்பார் என்றும் நினைத்தான்.

"தம்பி" என்றார் ரொட்டியம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அம்மா."

"ஏதாவது பேசேன்ப்பா. ரொம்ப அமைதியா இருக்கு."

மேடம் திரும்பி அவனைப் பார்த்து, பேசு என்பதுபோல் தலையசைத்தார். ஓட்டைவாய் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அந்தப் பிளம்பர் இருக்காரே அம்மா, டேங்க் ஒழுகுதுன்னதும் முதல்ல எங்க ஏறினார் தெரியுமா? உங்க மொட்டை மாடிக்கு..."